கோயம்புத்தூர் டிராஃபிக், கொச்சி ஹைவே ரெண்டுக்கும் பழைய பெர்ஃபார்மன்ஸ் செடான்: எதை எடுக்கலாம், எதை விட்டுடலாம்

குனியமுத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க. தினமும் சரவணம்பட்டி ஆபீஸ் போகணும், மாசத்துல ரெண்டு மூணு வாரக்கடைசி மனைவி ஊரான கொச்சிக்கு குழந்தையோட போகணும், பேப்பர் செலவு உட்பட 13 லட்சம் வரைக்கும் போடலாம், ஓட்டறதுக்கு ஆசையா இருக்கணும். பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), பழைய பிஎம்டபிள்யூ 320டி (டீசல்), 2022 ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி இந்த மூணுல எது, அப்புறம் திருச்சூர்ல ஒரு கேஎல் நம்பர் ஆக்டேவியா விலை கம்மியா வருது அதை எடுக்கலாமான்னு கேட்டிருக்காரு. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம், எல்லைல இருக்கற வாளையாருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் தெரிஞ்சவங்களுக்கு வண்டி பாத்துக் குடுத்துட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன் தம்பி, பொறுமையா படிங்க.

மொதல்ல என் முடிவை சொல்லிடறேன். கிளட்ச் மிதிக்கறதுல உங்களுக்கு சங்கடம் இல்லைன்னா ஸ்கோடா ஸ்லாவியா இல்ல விர்டஸ், 1.5 டிஎஸ்ஐ மேனுவல். ஆட்டோமேட்டிக் இல்லாம முடியாதுன்னா 2.0 டிடிஐ (டர்போ டீசல்) எஞ்சினும் டிஎஸ்ஜிங்கற ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இருக்கற ஆக்டேவியா. 1.8 டிஎஸ்ஐ எடுக்கலாம், ஆனா அதோட கியர்பாக்ஸ் ஜாதகம் முழுசா கைக்கு வந்தா மட்டும்தான். 320டி இந்த பட்ஜெட்ல வேண்டாம். ஏன்னு கீழ சொல்றேன், காரணம் எல்லாத்துக்கும் அடில இருக்கறது ஒரே விஷயம்தான், நீங்க எஞ்சினைப் பாத்து செலக்ட் பண்றீங்க, உங்க ரோட்டுக்கு மொதல்ல கியர்பாக்ஸைப் பாத்துட்டு அப்புறம்தான் எஞ்சினுக்கு வரணும்.

உங்க ரோட்டையே எடுத்துக்கங்க. காலைல உக்கடம், காந்திபுரம், கணபதி தாண்டி சரவணம்பட்டி போறதுக்குள்ள முக்கால்வாசி நேரம் மொத கியர், ரெண்டாவது கியர்லயே போயிடும். சரி ஹைவேல போய் ஆசைய தீத்துக்கலாம்னா என்எச் 544ல வாளையார்ல இருந்து வடக்கஞ்சேரி வரைக்கும் நாலு வழி, அங்கிருந்து குதிரான் சுரங்கம் வழியா மண்ணுத்தி வரைக்கும் ஆறு வழி, இது வரைக்கும் அருமை. மண்ணுத்தி தாண்டினா ஆம்பல்லூர், முரிங்ஙூர்னு வரிசையா அண்டர்பாஸ் வேலை, சர்வீஸ் ரோட்டுல நத்தை மாதிரி ஊர்ந்து ஜனங்க நொந்து போய், 2025 ஆகஸ்ட்ல கேரளா ஐகோர்ட்டே பாலியேக்கரை டோல் வசூலை நிறுத்தி வெக்கற அளவுக்கு போச்சு. ஆக ஹைவேன்னு நீங்க கணக்குப் போடற தூரத்துலயும் பாதி ஊர்ந்து போற ஓட்டம்தான். 0ல இருந்து 100 எத்தனை செகண்டுங்கறது இந்த ரூட்ல எங்கயும் உதவாது. லாரிய தாண்டறப்ப 60ல இருந்து 100க்கு எவ்வளவு சுளுவா போகுது, மழைல பிரேக் மிதிச்சா நேரா நிக்குதா, இது ரெண்டும்தான் வேணும்.

இன்னொன்னும் சொல்லணும், வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாது. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டு கணவாய் காத்து வாளையார்ல இருந்து ஆலத்தூர் வரைக்கும் எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், கன்டெய்னர் லாரிய தாண்டி வெளிய வர்ற அந்த நொடில காத்து பக்கத்துல இருந்து அறையும், லேசான வண்டின்னா ஸ்டியரிங் கைல துள்ளும். ஆக்டேவியா, சூப்பர்ப் மாதிரி கனமான, அடி தாழ்ந்த வண்டிங்க அந்த இடத்துல அசையாம போகும். குழந்தைய வெச்சுட்டு போறவருக்கு குதிரைசக்தி கணக்க விட இது பெருசுங்க.

இப்ப கியர்பாக்ஸ். நீங்க பாக்கற ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, விர்டஸ் ஜிடி டிஎஸ்ஜி ரெண்டுலயும் இருக்கறது 7 ஸ்பீடு டிக்யூ200ங்கற டிரை கிளட்ச் பெட்டி. உள்ள ரெண்டு கிளட்ச், ஒத்தப்படை கியருக்கு ஒன்னு, ரெட்டைப்படைக்கு ஒன்னு, ரெண்டும் ஆயில் இல்லாம காஞ்சு ஓடறது. ஓடற வண்டில இது தங்கமான கியர்பாக்ஸ், கியர் மாறறதே தெரியாது. ஊர்ந்து போறப்பதான் பிரச்சனை, கிளட்ச் முழுசா பிடிக்காம பாதி பிடிச்சு வழுக்கிட்டே இருக்கும், அந்த சூடு போறதுக்கு வழியில்ல, கிளட்ச் தேயும், அதை இயக்கற மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டும் சூடு பட்டு பட்டு ஒருநாள் பிரஷர் விட்டுடும். அப்ப டிஸ்ப்ளேல ஸ்பேனர் படம் வரும், இல்ல கியர் எழுத்து மினுக்கும், வண்டி நடுரோட்டுல நின்னுடும். மெக்கட்ரானிக்ஸ் மாத்தற செலவு லட்சத்துல பேசற செலவு. 2.0 டிடிஐ ஆக்டேவியால இருக்கறது 6 ஸ்பீடு வெட் கிளட்ச், கிளட்ச் ஆயில்ல முழுகி ஓடுது, சூட்டை ஆயில் வாங்கிக்கும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா டிஎஸ்ஜி ஆயிலும் ஃபில்டரும் மாத்தியிருக்கணும், அந்த பில்லு இருக்கான்னு கேளுங்க, இருந்தா பாதி கவலை போச்சு.

கம்பெனிக்காரங்களே இந்த டிரை பெட்டிய எவ்வளவு ஜாக்கிரதையா வெச்சாங்கன்னு பாக்கணும்னா 2016ல வந்த சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐய பாருங்க. அதே 180 பிஎஸ் (குதிரைசக்தி) எஞ்சின்தான், மேனுவல்ல 320 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, டிஎஸ்ஜில 250 மட்டும். அந்தப் பெட்டி தாங்கற அளவே 250தான், அதுக்கோசரம் எஞ்சினையே கட்டிப் போட்டுட்டாங்க. இதுல இருந்து உங்களுக்கு ரெண்டு பாடம். ஒன்னு, ரீமேப் பண்ணின, அதாவது சாஃப்ட்வேர மாத்தி எஞ்சின் பவர ஏத்தின 1.8 டிஎஸ்ஜி வண்டி யாராவது பெருமையா காட்டுனா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. ரெண்டாவது, அந்த சூப்பர்ப் 1.8 மேனுவல் நல்ல கண்டிஷன்ல எங்கயாவது கண்ல பட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பட்ஜெட்ல அதுக்கு மேல ஒரு ஹைவே வண்டி கிடையாது, ஆனா வித்ததே கொஞ்சம், வெச்சிருக்கறவங்க லேசுல விக்க மாட்டாங்க.

டிஎஸ்ஜி வண்டி பாக்கப் போறப்ப எப்படி டெஸ்ட் பண்றதுன்னு சொல்லிடறேன். காலைல போங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சுட்டு, போனதும் பானெட் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா அங்கயே சந்தேகம் ஆரம்பிக்கணும். ஸ்டார்ட் பண்ணி பி ல இருந்து ஆர் போடுங்க, ஒரு விநாடி பொறுத்து மெதுவா பிடிக்கணும், டொக்குனு இடிச்சாலோ ரெண்டு மூணு விநாடி யோசிச்சாலோ நல்லதில்ல. ஒரு சின்ன ஏத்தத்துல பின்பக்கமா ஏத்துங்க, கிளட்ச் தேஞ்சிருந்தா அங்க நடுங்கும், அந்த நடுக்கம் சீட்டுக்கு அடில தெரியும். அப்புறம் ஆக்சிலரேட்டர தொட்டும் தொடாம ஒன்னுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து ஒன்னுன்னு திரும்பத் திரும்ப போக விடுங்க. இதெல்லாம் முடிஞ்சதும் அரை மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டி நல்லா சூடாக்கிட்டு மறுபடியும் அதே ரிவர்ஸ், அதே ஏத்தம். விக்கறவங்க பெரும்பாலும் பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவோட முடிச்சுக்கப் பாப்பாங்க, விடாதீங்க, இந்தப் பெட்டியோட நோய் எல்லாம் சூடானப்புறம்தான் வெளிய வரும்.

அடுத்து ஸ்கேன். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிங்களுக்கு முழு ஸ்கேன் பண்ற கருவி வெச்சிருக்கற மெக்கானிக் கோயம்புத்தூர்லயும் உண்டு, கொச்சிலயும் உண்டு, கூட்டிட்டுப் போங்க, அந்தக் காசை பாக்காதீங்க. எஞ்சினை மட்டும் ஸ்கேன் பண்ணிட்டு ஓகேன்னு சொன்னா போதாது, கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லா மாட்யூலையும் பாக்கணும். ஏன்னா இந்த வண்டிங்கள்ல ஒரு ஃபால்ட் பதிவாகறப்ப அன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கறதும் கூடவே பதிவாகும். ஒருதடவை ஒரு வெள்ளை ஆக்டேவியா, மீட்டர்ல 62,000 காட்டுது, சீட்டு கவர் புதுசு, ஸ்டியரிங் லெதர் மட்டும் வழவழன்னு மினுங்குது. ஸ்கேன் போட்டா கியர்பாக்ஸ் மாட்யூல்ல ஒரு பழைய ஃபால்ட், பதிவானது 91,000ல. அதுக்கு மேல பேச என்ன இருக்கு. சில பேர் விக்கறதுக்கு முன்னாடி எல்லா ஃபால்ட்டையும் அழிச்சுட்டு சுத்தமா காட்டுவாங்க, அப்ப ரெடினெஸ், அதாவது வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சிருக்கான்னு காட்டறத பாக்கச் சொல்லுங்க, அது முழுசா முடியாம இருந்துச்சுன்னா இப்ப சமீபத்துலதான் அழிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். 2013 கடைசில வந்த ஆக்டேவியால இருக்கற 1.8 டிஎஸ்ஐ மூணாவது தலைமுறை, 180 பிஎஸ், நல்ல எஞ்சின், அந்த மாடல்ல பின் சஸ்பென்ஷனும் மல்டி லிங்க், வளைவுல உக்காந்து போகும். அதுக்கு முந்தின ஸ்கோடா லாராவும் பழைய சூப்பர்ப்பும் அதே 1.8ன்னு சொல்லி விலை கம்மியா வரும், ரெண்டும் ஒன்னுன்னு நினைச்சுடாதீங்க. அந்தத் தலைமுறைல ஆயில் குடிக்கற கேசும், டைமிங் செயின் டென்ஷனர் போற கேசும் நிறைய, டென்ஷனர் போனா செயின் பல் தாண்டி வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சினே போயிடும். மூணாவது தலைமுறைல வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக்ல இருக்கறது கசியும், கூலன்ட் அளவு குறைஞ்சிருக்கா, காஞ்ச கூலன்ட் கறை இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. நேரடி இன்ஜெக்ஷன்ங்கறதால இன்டேக் வால்வுல கார்பன் படியும், அதிக கிலோமீட்டர் ஓடின வண்டின்னா வால்நட் கிளீனிங், அதாவது வால்நட் ஓட்டுத் தூளை அடிச்சு அந்த கார்பனை எடுக்கறது, பண்ணினாங்களான்னு கேளுங்க. 1.4 டிஎஸ்ஐ மேனுவல் ஆக்டேவியாவும் ஒன்னு இருந்துச்சு, அதுலயும் அதே 250 நியூட்டன் மீட்டர் டார்க், டிஎஸ்ஜி பயமே இல்ல, யாரும் கண்டுக்கறதில்ல, எனக்கு ரொம்ப பிடிச்ச வண்டி.

பெட்ரோல்ல ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விஷயமும் இருக்குங்க. 2023 ஏப்ரல் வாக்குல இருந்துதான் புது வண்டிங்க ஈ20க்கு ஏத்த மாதிரி வருது, அதுக்கு முன்னாடி வந்த பழைய வண்டிங்க பெரும்பாலும் ஈ10 வரைக்கும்தான். பங்க்ல இப்ப கிடைக்கறதே ஈ20தான். வண்டி உடனே கெட்டுடும்னு பயமுறுத்த மாட்டேன், ஆனா மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் கண்ணு வெச்சுக்கணும். நீங்க வருஷக்கணக்கா வெச்சு ஓட்டப்போற ஆளுன்னா இதுவும் டீசல் பக்கம், இல்ல புது வண்டி பக்கம் சாயறதுக்கு ஒரு காரணம்.

2.0 டிடிஐ ஆக்டேவியா 143 பிஎஸ், ஆனா டார்க் 320, கீழயே கிடைக்கும், லாரி தாண்டறப்ப கியர் குறைக்கக்கூட வேண்டியதில்ல, லேசா மிதிச்சா போதும். குதிரான் ஏத்தத்துல இது போற சுகம் தனி. கேபின்ல சத்தம் பெட்ரோல விட ஜாஸ்தி, அதை மறைக்க முடியாது. 2020ல பிஎஸ்6 புகை விதி வந்தப்ப ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வேகனும் இங்க டீசலயே நிறுத்திட்டாங்க, அதனால கிடைக்கறது எல்லாம் அதுக்கு முந்தின வண்டிதான். டெல்லி பக்கம் 10 வருஷ டீசல் தடையால தெக்க வந்து இறங்கின வண்டிங்களும் மார்க்கெட்ல சுத்துது, டிஎல், எச்ஆர் நம்பர்ல இருந்து மாத்தினதான்னு ஆர்சில பாத்துக்கங்க.

320டி ஓட்டறதுக்கு இந்த லிஸ்ட்லயே நல்ல வண்டி, பின் வீல் டிரைவ், 8 ஸ்பீடு இசட்எஃப் கியர்பாக்ஸ், குறை சொல்ல முடியாது. ஆனா 13 லட்சத்துக்குள்ள வர்றது பெரும்பாலும் 2012ல இருந்து 2015 வரைக்குமான 184 பிஎஸ் வண்டி, அதுல இருக்கறது என்47 எஞ்சின். அதோட டைமிங் செயின் எஞ்சினுக்கு பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு, செயின் மாத்தணும்னா கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கணும். காலைல மொத ஸ்டார்ட்ல ஃபயர்வால் பக்கமா இருந்து சரசரன்னு உரசற சத்தம் வந்தா வேற பேச்சே வேண்டாம். 2016க்கு மேல 190 பிஎஸ் பி47 எஞ்சின் வந்தது தேவலாம், ஆனா விலை உங்களுக்கு எட்டாது, எட்டினா ஏன் எட்டுதுன்னு யோசிக்கணும். ஸ்டெப்னியும் இல்ல, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற ரன்ஃப்ளாட் டயர், நாலு டயர் மாத்தற காசுல ஆக்டேவியாவுக்கு ஒரு பெரிய சர்வீஸே முடியும். பாண்டிச்சேரி நம்பர்ல வந்தா இன்னும் ஜாக்கிரதை, பொய் முகவரி குடுத்து அங்க பதிஞ்ச சொகுசு வண்டிங்க மேல கேரளாவுல 2017ல கேஸ் போட்டு பெரிய ரகளையே ஆச்சு.

ஸ்லாவியா, விர்டஸ் 1.5 டிஎஸ்ஐக்கு நான் ஏன் வர்றேன்னா, 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர், ஆக்டேவியாவ விட லேசான வண்டி, கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மில்லிமீட்டர், கேரளா ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாது, குளோபல் என்கேப் மோதல் சோதனைல ரெண்டும் 5 ஸ்டார். சமவெளில சும்மா போறப்ப நாலு சிலிண்டர்ல ரெண்டை அணைச்சுக்கும், மைலேஜ் கிடைக்கும். ஸ்லாவியால 1.5 மேனுவல் ஆரம்பத்துல இருந்தே உண்டு, விர்டஸ்ல 2023லதான் வந்துச்சு. கம்பெனி வாரண்டி 4 வருஷம் இல்ல 1 லட்சம் கிலோமீட்டர், 2022 வண்டின்னா 2026ல அது முடியுது, மொத ஓனர் எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருக்காரா, அது உங்க பேருக்கு மாறுமான்னு கேட்டுக்கங்க. போட்டிருந்தா டிஎஸ்ஜியக்கூட தைரியமா எடுக்கலாம், இல்லைன்னா மேனுவல்தான். வெர்னா டர்போ 160 பிஎஸ், அதுவும் மேனுவல்ல உண்டு, விலை ஒத்து வந்தா ஓட்டிப் பாருங்க, நேர்ல போறதுக்கு நல்ல வேகம், வளைவுல எனக்கு ஸ்லாவியாதான் பிடிக்கும். ஃபியட் லீனியா டி-ஜெட் ஆசை இருந்தா விட்டுடுங்க, ஸ்டியரிங் சுகம் இன்னைக்கும் எதுக்கும் வராது, பார்ட்ஸுக்கு அலைய உங்களுக்கு நேரம் இருக்காது.

இனி அந்த திருச்சூர் வண்டி. கேஎல் வண்டில நல்லது என்னன்னா அங்க ஓனருங்க சர்வீஸ் ஒழுங்கா பண்ணுவாங்க, பேப்பர் பத்திரமா வெச்சிருப்பாங்க. பயப்படவேண்டியது 2018, 2019 வெள்ளம். ஆலுவா, சாலக்குடி பக்கம் கழுத்தளவு தண்ணில நின்ன வண்டிங்க கழுவி, டிரை பண்ணி, கைமாறி கைமாறி இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. 2018 ஆகஸ்ட்டுக்கு முந்தின கேஎல் வண்டி எதுவா இருந்தாலும் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, யாரும் கழுவாத இடம் அது, உள்ள சுத்தியிருக்கற பகுதில ஒரு பழுப்பு கோடு நேரா ஓடுச்சுன்னா தண்ணி அதுவரைக்கும் நின்னிருக்கு. சீட்டு தண்டவாளத்துக்கு அடில விரல் விட்டா நைஸா வண்டல் ஒட்டும், ஸ்டெப்னி குழில துரு, டேஷுக்கு கீழ கனெக்டர் பின்னுல பச்சை. ஏசி போட்டு கண்ணாடி ஏத்தி ஏழெட்டு நிமிஷம் உள்ள உக்காருங்க, பினாயில் வாசனைக்கு பின்னாடி ஈர வாசனை வந்தா எழுந்து வந்துருங்க. இன்சூரன்ஸ் கம்பெனில க்ளெய்ம் ஹிஸ்டரியும் கேளுங்க, நோ க்ளெய்ம் போனஸ் நடுவுல ஒரு வருஷம் ஜீரோ ஆகியிருந்தா அந்த வருஷம் என்ன ஆச்சுன்னு தெரியணும்.

பேப்பர் வேலைல, அங்க ஆர்டிஓல என்ஓசி, அதாவது ஃபாரம் 28, அப்புறம் ஓனர் மாத்த 29, 30, லோன் இருந்திருந்தா பேங்க்ல இருந்து 35. என்ஓசி கைக்கு வராம முழுப் பணம் குடுக்காதீங்க. கேஎல் நம்பர்லயே ஓட்டிக்கறேன்னு இருக்க முடியாது, 12 மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வெச்சிருந்தா இங்க நம்பர் மாத்தியே ஆகணும், செக் போஸ்ட் பக்கத்துலயே குடியிருக்கற உங்களுக்கு அது லேசுல தப்பாது. தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் 2023 நவம்பர்ல ஏத்துனாங்க, புது வண்டிக்கு 10 லட்சத்துக்கு மேல 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல 20. பழசுக்கு வண்டி வயசு வெச்சு குறைச்சுப் போடுவாங்க, ஆனாலும் ஆக்டேவியா மாதிரி 20 லட்சம் சுத்தி வித்த வண்டிக்கு அது சின்ன தொகை இல்ல. கேரளாவுல கட்டின வரில மீதிய திரும்பக் கேக்கலாம், கிடைக்கறதுக்கு நடையா நடக்கணும். ஆகவே விலை கம்மின்னு நீங்க நினைக்கற அந்த வித்தியாசத்துல இந்த டாக்ஸ கழிச்சுட்டு அப்புறம் பேசுங்க, பல சமயம் டிஎன் வண்டி விலையே கிட்ட வந்துடும். கேரளா ரோட்டு ஏஐ கேமரா ஃபைன் பாக்கி இருக்கான்னு அரசாங்கத்தோட பரிவாகன் வெப்சைட்ல நம்பர் போட்டுப் பாத்துட்டு கட்டி முடிக்க சொல்லுங்க. எக்ஸாஸ்ட் மாத்தின வண்டி, வெளிய நீட்டற அலாய் போட்ட வண்டி வேண்டாம், கேரளா எம்விடி (மோட்டார் வாகனத் துறை) இதுல ரொம்ப கறார், கம்பெனி குடுத்த வடிவத்துக்கு மாறா மாத்தக்கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பே கேரளாவுல இருந்து போன கேஸ்தான்.

13 லட்சத்தையும் வண்டிக்கே குடுத்துடாதீங்க தம்பி. ஆக்டேவியான்னா ரெண்டு லட்சம் தனியா எடுத்து வெச்சுட்டு 11க்குள்ள தேடுங்க, ஸ்லாவியான்னா ஒரு லட்சம் போதும். எடுத்த அன்னைக்கே எஞ்சின் ஆயில், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், வெட் டிஎஸ்ஜின்னா அந்த ஆயிலும் மாத்திடுங்க. டயர் பட்டை இருந்தாலும் பக்கவாட்டுல இருக்கற நாலு எண்ணைப் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது, அஞ்சாறு வருஷம் தாண்டின ரப்பர் கட்டையாகி மழைல பிடிக்காது. ஜூன் பொறக்கறதுக்குள்ள நாலையும் மாத்திட்டு அப்புறமா குழந்தைய ஏத்திட்டு வாளையார் தாண்டுங்க.